கான்கிரீட் லாரிக்குச் சொல்லுமுன் அஸ்திவார வானத்தில் இறங்கிப் பாருங்கள்: டர்பன் பக்கம் வீடு கட்டுவோருக்கு

எங்கள் வீட்டுக்குத் தோண்டிய வானத்தில் (அஸ்திவாரப் பள்ளத்தில்), தெருப்பக்க மூலையில், 1.2 மீட்டர் ஆழத்திலிருந்து ஒரு சிப்ஸ் பாக்கெட் வந்தது. சிம்பா சிப்ஸ். நிறம்கூட முழுசாகப் போகவில்லை. மறுநாள் காலை 7 மணிக்கு கான்கிரீட் லாரி வருவதாக ஏற்பாடு.

சிப்ஸ் பாக்கெட் தானாக மண்ணுக்குள் இறங்காது. அது எவரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண். என் வீட்டின் முன்பாதி அதன்மேல்தான் உட்காரப் போகிறது என்பது அன்று மாலைதான் தெரிந்தது. அப்போது மண் ஆய்வறிக்கை கையில் இருந்தது, வரைபடத்துக்கு நகராட்சி ஒப்புதல் வந்திருந்தது, பூமி பூஜையும் முடிந்திருந்தது.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன். சில வருடம் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் வாடகைக்கு இருந்துவிட்டுப் பக்கத்து வெருலமில் சரிவான மனை ஒன்றை வாங்கினேன். ஊரில் வானம் தோண்டுவதெல்லாம் மேஸ்திரி பாடு. இங்கே அது உங்கள் பாடு. நான் அலைந்ததில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. வாங்குமுன் மனையைச் சுற்றி நடங்கள்

டர்பனைச் சுற்றித் தட்டையான மனை அபூர்வம். சாட்ஸ்வர்த், ஷல்கிராஸ், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் எங்கே போனாலும் மேடும் பள்ளமும்தான். விற்பவர்கள் சரிவை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் தள்ளிச் சமப்படுத்தி வைத்திருப்பார்கள். “பிளாட்ஃபார்ம் ரெடி, நாளைக்கே வேலை தொடங்கலாம்” என்பார்கள். நான் அந்த வார்த்தையில் மயங்கி விலையும் கொஞ்சம் கூடக் கொடுத்தேன். அந்த மேடையின் பின்பாதி வெட்டிய கெட்டி மண், முன்பாதி தள்ளிவிட்ட பொல மண். ஒரே வீட்டின் ஒரு கால் கெட்டியிலும் இன்னொரு கால் பொலபொலப்பிலும் நின்றால் சுவர் நடுவில் பிளக்கும். மேடையை எப்போது, எதைக் கொண்டு நிரப்பினார்கள், உருளை போட்டு அடுக்கடுக்காக இறுக்கினார்களா, அதற்கு அடர்த்திச் சோதனைத் தாள் உண்டா என்று கேளுங்கள். தாள் இல்லையென்றால் இறுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிக்கட்டுபோல ஏறும் விரிசல் இருந்தால் அடியில் மண் அசைகிறது. வேலிக் கம்பங்கள், மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சரிவே மெல்ல நகர்கிறது. மழை விட்டு ஒரு வாரமான பிறகும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக, காலை வைத்தால் சதசதவென்று இருந்தால் அங்கே ஊற்றுக் கசிவு.

கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைத் தள்ளிப் பார்க்கலாம். நான் இதை விவகாரம் வந்த பிறகுதான் பார்த்தேன். என் மனையின் முன்பக்கம் ஒரு காலத்தில் ஓடைபோலப் பள்ளமாக இருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட எளிய வழி எதிர்வீட்டு ஆயாவைக் கேட்டிருப்பது. எல்லாம் முடிந்த பிறகு டீ கொடுத்துக்கொண்டே சொன்னார்: “அங்க பள்ளம்தானே தம்பி இருந்துச்சு. கரும்பு ஏத்துற டிராக்டர் சுத்திக்கிட்டுத்தான் போகும்.”

கையில் வாங்க வேண்டிய தாள்கள்: பத்திரத்தின் நகல், சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தின் மனைப் படம், மனைக்குள் கழிவுநீர்க் குழாய்க்கோ மின்கம்பிக்கோ விட்ட உரிமைப் பாதை ஏதாவது உண்டா என்ற விவரம். எல்லைக் கற்களை நில அளவையாளர் காட்டாமல் எதையும் தோண்ட வேண்டாம்.

2. மண்ணைப் பார்க்க யாரை அமர்த்துவது

கட்டட ஒழுங்குவிதிகளில் ‘தகுதியுள்ள நபர்’ என்று ஒரு சொல் வரும். மண் விஷயத்தில் அது பொறியியல் மன்றமான ஈ.சி.எஸ்.ஏ.வில் பதிவு பெற்ற பொறியாளர், அல்லது இயற்கை அறிவியலாளர் மன்றமான சாக்நாஸ்பில் பதிவு பெற்ற பொறியியல் நிலவியலாளர். இரண்டு மன்றங்களிலும் பெயரைப் போட்டுப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கலாம். வீட்டு வரைபடம் போடுகிறவர் “மண்ணையும் நானே பார்த்துக்கிறேன்” என்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும்.

விலைப்புள்ளியில் இவ்வளவும் எழுத்தில் இருக்க வேண்டும்: எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எந்தெந்த இடத்தில், ஆய்வகச் சோதனைகள், மனை வகுப்பைச் சொல்லும் அறிக்கை, அஸ்திவாரத்துக்குப் பரிந்துரை, கடைசியாக, வானம் தோண்டிய பிறகு நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் ஒரு வருகை. இந்தக் கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். பிறகு தனியாகக் கூப்பிட்டபோது அந்த ஒரு வருகைக்கு 2,800 ராண்ட் ஆனது. முதலிலேயே சேர்த்திருந்தால் பாதிதான்.

பக்கத்து மனையின் அறிக்கையைக் காட்டி “அதே மண்தான்” என்பவர்களிடம் ஏமாறாதீர்கள். 20 மீட்டர் தள்ளினால் இங்கே மண் மாறும்.

3. சோதனைக் குழி

ஊரில் ஜேசிபி என்போமே, அந்த வண்டிக்கு இங்கே டி.எல்.பி. என்று பெயர். அதைக் கொண்டு 2 முதல் 3 மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைப் படிப்பதுதான் முறை. எனக்கு வண்டி மணிக்கு 480 ராண்ட், டீசலும் ஓட்டுநரும் அதில் அடக்கம், குறைந்தது 5 மணி நேரக் கணக்கு. வண்டியைக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோகத் தனிக் காசு. குழி 2 மணி நேரத்தில் முடிந்துவிடும், மீதி நேரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அதனால் புதர் வெட்டுவது, மேல்மண் வழிப்பது போன்ற வேலைகளையும் அன்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழி எங்கே என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். முன்பக்கம் செங்கல் அடுக்கியிருந்ததால் இரண்டு குழியையும் பின்பக்கமே வெட்டிவிட்டார்கள். பின்பக்கம் வெட்டிய கெட்டி மண். அறிக்கை பிரமாதமாக வந்தது. நீங்கள் வீட்டின் நான்கு மூலையையும் முளையடித்துக் காட்டுங்கள். வெட்டிய பக்கம் ஒன்று, நிரப்பிய பக்கம் ஒன்று, இரண்டும் சேரும் கோட்டில் ஒன்று என்று மூன்று குழியாவது கேளுங்கள். வீடு நிற்கும் இடத்துக்குள்ளேயே வெட்டினால் அந்தக் குழியைப் பிறகு இறுக்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே ஒரு பொல மண் பொந்தை உண்டாக்கிவிடுவீர்கள். சுவர்க் கோட்டுக்குச் சற்று வெளியே வெட்டுவது நல்லது.

காலம்: டர்பனில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் காய்ந்த மாதங்கள், குழி இடியாது, வண்டி புதையாது. நம் ஆட்களுக்கு ஒரு தயக்கம் வரும், அது ஆடி மாதமாயிற்றே என்று. கோவிலில் ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் அர்ச்சகரிடமே கேட்டேன். “குழி தோண்டிப் பார்ப்பது மனையைத் தெரிந்துகொள்வது, வீடு தொடங்குவது ஆகாது” என்றார். சரி, ஆடியில் குழி, ஆவணியில் பூஜை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காய்ந்த மாதத்தில் குழியில் தண்ணீர் இல்லை என்பதால் தை மாதமும் இருக்காது என்று ஆகாது. மண்ணில் துரு நிறப் புள்ளிகளும் சாம்பல் திட்டுகளும் கலந்திருந்தால் மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறது. பொறியாளரிடம் இதைத் தனியாகக் கேளுங்கள்.

குழிக்குள் நீங்கள் இறங்காதீர்கள். இது வீரம் காட்டும் இடமில்லை. 2024 மே மாதம் டர்பனுக்கு வடக்கே பல்லிட்டோவில் கட்டட வேலைக்கு வெட்டிய கரை சரிந்து தொழிலாளர்கள் மண்ணில் புதைந்து இறந்தார்கள். வண்டியின் வாளியில் வந்து விழும் மண்ணைக் குவியல் குவியலாக, எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று பிரித்துப் போடச் சொன்னாலே உங்களுக்கு வேண்டியது தெரிந்துவிடும். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பை ஒட்டிக் குவிக்க விடாதீர்கள். பார்த்து முடித்த அன்றே மூடுங்கள், தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க வருவார்கள்.

நிபுணர் ஒவ்வொரு அடுக்குக்கும் ஆறு விஷயம் குறிப்பார்: ஈரம், நிறம், இறுக்கம், அமைப்பு, மண் வகை, பிறப்பு. நீங்களும் ஒரு நோட்டில் அதே ஆறையும் எழுதிவாருங்கள். கடைசி அம்சமான பிறப்புதான் வீட்டின் தலையெழுத்து. அந்த மண் அங்கேயே பாறை மக்கி உண்டானதா, மேட்டிலிருந்து உருண்டு வந்ததா, ஆறு கொண்டுவந்ததா, மனிதன் கொட்டியதா? செங்கல் துண்டு, ஓடு, பிளாஸ்டிக், கரும்பு வேர்க்கட்டை, நிறம் நிறமாகக் கலந்த கட்டிகள், இவற்றில் எது ஆழத்தில் வந்தாலும் அது கொட்டிய மண்.

இந்தப் பக்கம் அடிக்கடி அகப்படும் மண் வகைகள்:

பெரியா செம்மணல். டர்பனின் பெரியா மேடு, ப்ளஃப், வடக்கே கடற்கரையை ஒட்டிய மேடுகளில் இருக்கும் சிவந்த மணல். காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டாலும் கெட்டியாகத் தோன்றும். நனைந்தால், மேலே பாரமும் இருந்தால், துகள்களைப் பிடித்திருக்கும் பசை கரைந்து திடீரென்று அமுங்கும். இதற்கு ஒரு பழைய கைச் சோதனை உண்டு. ஒரு குழி வெட்டுங்கள், எடுத்த மண்ணையே திரும்பப் போட்டு மூடுங்கள். சாதாரண மண் குழியை நிரப்பி மேலே கொஞ்சம் குவியும். அமுங்கும் மண் குழியை நிரப்பவே காணாது. உள்ளே அவ்வளவு வெற்றிடம் இருந்திருக்கிறது என்று பொருள். இதைக் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கு மண் ஆய்வில் நம்பிக்கையே வந்தது.

களிமண். டோலரைட் பாறை மக்கிய செம்பழுப்புக் களி, ஷேல் மக்கிய சாம்பல் களி இரண்டும் அகப்படும். ஊர்க் கரிசல் மாதிரி நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உடைத்த கட்டியின் முகம் எண்ணெய் தடவியதுபோல் பளபளவென்று வழவழப்பாக இருந்தால் அந்த மண் ஏற்கெனவே உப்பி உப்பி உரசியிருக்கிறது. களிமண் மனையில் பெரிய மரத்தை வெட்டிவிட்டு உடனே அதே இடத்தில் கட்டாதீர்கள். மரம் உறிஞ்சிய ஈரம் திரும்ப ஏறும்போது தரை தூக்கும்.

ஷேல் சரிவு. கரும் சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக உரியும் பாறை. பார்க்கக் கெட்டி. ஆனால் அடுக்குகள் சரிவின் திசையிலேயே சாய்ந்திருந்தால், அடியை வெட்டியதும் மேலே இருப்பது வழுக்கி வரும். மனையின் பின்பக்கம் உயரமாக வெட்டப் போகிறீர்கள் என்றால் இதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

ஆற்றோரத் தாழ்நிலம். இசிப்பிங்கோ பக்கமும் உம்கேனி ஆற்றங்கரைச் சமவெளியிலும் மென்மையான வண்டலும் மேலேயே நிற்கும் நிலத்தடி நீரும். சிக்கனமாகக் கட்ட நினைப்பவர்கள் இங்கே மனை தேடாமல் இருப்பது நல்லது.

ஜோகன்னஸ்பர்க் பக்கம் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: லெனேசியா, சென்டூரியன் போன்ற இடங்களில் அடியில் டோலமைட் என்ற பாறை உண்டு. அது திடீர்ப் பள்ளம் விழும் நிலம், விதிகளே வேறு. இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

4. டி.சி.பி. சோதனை

8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்து ஒரு கூம்பு முனையை மண்ணுக்குள் அடிக்கும். ஓர் அடிக்கு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதுவார்கள். மலிவு, ஒரு காலையில் 6, 7 இடம் பார்த்துவிடலாம், குழிகளுக்கு இடையில் இருக்கும் இடங்களுக்கு நல்லது. ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்த செம்மணலில் எண் நன்றாகவே வரும், நனைந்த பிறகுதான் குணம் தெரியும். முனை நின்றுவிட்டால் அது பாறையாகவும் இருக்கலாம், மண்ணுக்குள் மிதக்கும் ஒற்றை உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம்.

5. அறிக்கையில் பார்க்க வேண்டியது

30 பக்கம் வரும். நீங்கள் தேட வேண்டியது மனை வகுப்பு என்ற ஓர் எழுத்து. ஆர் என்றால் பாறை, அசைவில்லை. எச் உப்பும் களி, சி நனைந்தால் அமுங்கும் மண், எஸ் பாரத்தில் மெல்ல அமுங்கும் மண். எழுத்துக்குப் பின்னால் வரும் எண் அசைவின் அளவு. எச் என்றால் 7.5 மில்லிமீட்டருக்குள், எச்1 என்றால் 15 வரை, எச்2 என்றால் 30 வரை, எச்3 அதற்கு மேல். சி 5-க்குள், சி1 10 வரை, சி2 அதற்கு மேல். எஸ் 10-க்குள், எஸ்1 20 வரை, எஸ்2 அதற்கு மேல். கட்டுப்பாடில்லாமல் கொட்டிய மண், சதுப்பு, குப்பை மேடு எல்லாம் பி (P) வகுப்பு.

எண் ஒட்டாத வெறும் ஆர், எச், சி, எஸ் என்றால் சான்ஸ் 10400 என்ற தென்னாப்பிரிக்கக் கட்டட விதித்தொகுப்பின் எச் பகுதியில் (இந்த எச் மனை வகுப்பு அல்ல) உள்ள வழக்கமான பட்டை அஸ்திவாரம் போதும். அதற்கு மேலே போனால் பொறியாளர் தனியாக வடிவமைக்க வேண்டும். ஆகவே வீட்டு வரைபடம் முடிவதற்கு முன்பே இந்த எழுத்து கையில் இருக்க வேண்டும். வரைபடம் போட்டுவிட்டு மண்ணைப் பார்ப்பது, செருப்பை வாங்கிவிட்டுக் காலை அளக்கிற கதை.

எத்தனை குழியை வைத்து அந்த எழுத்தைப் போட்டார்கள், குழிகளின் இடம் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் அறிக்கையில் இருந்தது. இரண்டும் பின்பக்கம் என்று படமே சொன்னது. நான்தான் கடைசிப் பக்கத்தைப் புரட்டவில்லை.

6. தாள், காசு, நாள்

நகராட்சி: வரைபடத்தோடு மண் அறிக்கையையும் பொறியாளர் நியமனப் படிவத்தையும் கொடுங்கள். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம், பெரிய கட்டடத்துக்கு 60 நாள். விண்ணப்பத்தில் எல்லாம் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் திரும்பி வரும், நாள் மறுபடி முதலிலிருந்து. ஒப்புதல் கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி.

என்.எச்.பி.ஆர்.சி.: வீடு கட்டுவோர் பதிவு மன்றம். உங்கள் பில்டர் அதில் பதிவு பெற்றிருக்க வேண்டும், வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 15 நாள் முன்னால் வீட்டையும் பதிய வேண்டும். மண் அறிக்கையை இங்கேயும் கேட்பார்கள். பதிந்தால் பெரிய கட்டுமானக் குறைகளுக்கு 5 வருடப் பொறுப்பு, கூரை ஒழுக்குக்கு 1 வருடம், சில்லறைக் குறைகளுக்கு 3 மாதம். “பதிவு வேண்டாம், காசு மிச்சம்” என்று பில்டர் சொன்னால் வேறு பில்டரைப் பாருங்கள். நீங்களே உங்கள் குடியிருப்புக்குக் கட்டுவதென்றால் விலக்குக் கேட்கலாம், ஆனால் அந்த 5 வருடப் பாதுகாப்பும் போய்விடும்.

எனக்கு ஆன செலவு: குழி, டி.சி.பி., ஆய்வகம், அறிக்கை எல்லாம் சேர்த்து 14,500 ராண்ட், வண்டி தனி. நாள் கணக்கில், குழி ஒரு நாள், ஆய்வகம் இரண்டு வாரம், அறிக்கை இன்னொரு வாரம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் தாண்டும்வரை கட்டடத் தொழிலே மூடிக் கிடக்கும், ஆய்வகமும்தான். நவம்பர் கடைசியில் வானம் தோண்டிவிட்டு, அது மழையில் ஒரு மாதம் திறந்து கிடப்பதுபோல் மோசம் வேறில்லை.

7. வானம் திறந்த நாள்

அறிக்கை மனையைப் பற்றி எவ்வளவோ சொல்லட்டும், உங்கள் சுவர் நிற்கப்போவது இந்தப் பள்ளத்தில். இங்கே மூன்று பேர் பார்க்க வேண்டும்: உங்கள் பொறியாளர், நகராட்சிக் கட்டட ஆய்வாளர், என்.எச்.பி.ஆர்.சி. ஆய்வாளர். மூன்று பேர் பார்க்கிறார்களே என்ற நிம்மதிதான் ஆபத்து, ஒருவர் பார்த்திருப்பார் என்று இன்னொருவர் நினைத்துக்கொள்வார். கான்கிரீட் போடுவதற்குக் குறைந்தது 2 வேலைநாள் முன்னால் நகராட்சிக்கு எழுத்தில் சொல்லுங்கள், சனி ஞாயிறு கணக்கில் சேராது. மூன்று பேரும் சரி சொன்ன பிறகுதான் கான்கிரீட் லாரிக்குச் சொல்ல வேண்டும். நான் மாற்றிச் செய்தேன். கடைசி நேரத்தில் ரத்து செய்ததற்குத் தனிக் கட்டணம் கட்டினேன்.

அவர்கள் பார்க்க வருவதற்கு முந்தின மாலை நீங்களே ஒரு கடப்பாரையும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். ஆழம் இடுப்புக்குக் கீழே இருந்தால் மட்டும் இறங்குங்கள். அதற்கு மேல் என்றால் பக்கம் சாய்வாக வெட்டியோ முட்டுக்கொடுத்தோ, ஏணியும் வைத்திருக்க வேண்டும்.

அடிமண்ணில் உதிரி இருக்கக் கூடாது. வாளிப் பற்கள் கிளறிய மண்ணை மண்வெட்டியால் வழித்து, கால் வைத்தால் தடம் பதியாத கெட்டி மண் வரும்வரை எடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு மூலையில் தொடங்கி மீட்டருக்கு ஓர் இடத்தில் கடப்பாரையை ஒரே உயரத்திலிருந்து போடுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். எங்கள் வேலையில் பாபா என்று எல்லோரும் கூப்பிடும் வயதான ஜூலுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். பின்பக்கம் கடப்பாரை ‘ணங்’ என்று திரும்பியது. முன்பக்கம் வரவர ‘தொம்’ என்று இறங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் என் கையில் கடப்பாரையைக் கொடுத்து, போட்டுப் பார் என்று தலையாட்டினார். கால் மீட்டர் தானாக உள்ளே போய்விட்டது. அங்கே கிளறியபோதுதான் சிப்ஸ் பாக்கெட். பொறியாளர் வருவதற்கு முன்பே பாபாவுக்குத் தெரிந்திருக்கிறது, நாங்கள்தான் அவரை யாரும் கேட்கவில்லை.

நிறம் மாறும் கோட்டைத் தேடுங்கள். அடிமண் ஓரிடம்வரை மஞ்சளாக இருந்து சட்டென்று பழுப்பாக மாறினால், அந்தக் கோட்டில் சுண்ணாம்பால் குறி போட்டுப் பொறியாளருக்குக் காட்டுங்கள். பழைய கழிவறைக் குழி, மரவேர், எறும்புப் புற்று, உடைந்த குழாய் எது இருந்தாலும் அதே மாதிரி குறி.

தண்ணீர் நின்றால் அது மழையா ஊற்றா என்று பிரித்துப் பாருங்கள். இறைத்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருங்கள். திரும்ப வந்தால் ஊற்று, வடிகால் இல்லாமல் மேலே போகக் கூடாது. மழைத் தண்ணீர் என்றால் இறைத்த பிறகு சேறான அடியை வழித்து எடுக்க வேண்டும். இங்கே பில்டர்கள் சேற்றின்மேல் காய்ந்த மண்ணைத் தூவிச் சமாளிப்பார்கள். விடாதீர்கள். கூட ஆழம் போன இடத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டும், மண்ணால் அல்ல. வானத்தைத் திறந்து வெகுநாள் விடவும் கூடாது. களிமண் வெயிலில் சுருங்கி வெடிக்கும், மணல் மழையில் சரியும். ஆய்வு முடிந்தும் ஓரிரு நாள் தாமதமாகும் என்றால் மெல்லிய கான்கிரீட் பூச்சு ஒன்றை அடியில் போட்டு மூடச் சொல்லலாம்.

பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டுவதாக இருந்தால், தோண்டுமுன் அந்தச் சுவரைத் தேதி விழும்படி படமெடுங்கள், முடிந்தால் வீட்டுக்காரரைக் கூடவே நிற்க வைத்து. அவர் நிலத்துக்குப் பக்கத் தாங்கல் போய்விட்டால் பொறுப்பு உங்கள் தலையில்.

8. கெட்ட மண் வந்துவிட்டால்

வேலையை நிறுத்துங்கள், அவ்வளவுதான். “இன்னும் ரெண்டு கம்பி சேர்த்துப் போடலாம் அண்ணா”, “ஒரு லோடு கல் கொட்டி இடிச்சிடலாம்” என்று பில்டர் சொல்வார். எதையும் பொறியாளர் எழுத்தில் தராமல் செய்யக் கூடாது.

வழக்கமான வழிகள் சில. கெட்டி மண் வரும்வரை தோண்டி, சரிவில் படிப்படியாக அஸ்திவாரத்தை இறக்குவது. கொட்டிய மண்ணை முழுக்க எடுத்துவிட்டு, ஜி5 என்ற தரம் போன்ற நல்ல சரளையை 150 மில்லிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு ஈரம் பார்த்து இறுக்குவது. வீடு முழுவதற்கும் விறைப்பான கான்கிரீட் தட்டு போடுவது. ஆழம் ரொம்பப் போனால் பைல், அதாவது ஆழத்துக்கு இறக்கும் தூண். இறுக்கும் வழி என்றால் ஒவ்வொரு அடுக்குக்கும் அடர்த்திச் சோதனைத் தாள் கேளுங்கள். ஆய்வகத்தில் அதே மண்ணை இறுக்கிக் கண்ட உச்ச அடர்த்தியில் குறைந்தது எத்தனை விழுக்காடு என்று பொறியாளர் எழுதியிருப்பார், பெரும்பாலும் 93-க்குக் குறையாது. உருளை ஓடுவதைப் பார்த்ததோடு திருப்திப்பட வேண்டாம்.

எங்களுக்கு முன்பக்கம் 2.1 மீட்டரில் இயல்பு மண் வந்தது. படி அஸ்திவாரம், கூடுதல் கான்கிரீட், மண் அள்ளிப் போட்ட கூலி, திருத்திய வரைபடம் எல்லாம் சேர்த்து 92,000 ராண்ட். நடுவில் டிசம்பர் விடுமுறையும் வந்துவிட்டதால் ஏழு வாரம் போயிற்று. முன்பக்கம் மூன்றாவது குழி வெட்டியிருந்தால் இந்த 2.1 மீட்டரை வரைபடத்துக்கு முன்பே சேர்த்து, பின்பக்கமாக ஒரு மீட்டர் தள்ளிக் கட்டி, இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம்.

9. மூடுவதற்கு முன் படமெடுங்கள்

கான்கிரீட் விழுந்த பிறகு அடியில் என்ன இருந்தது என்று எவருக்கும் காட்ட முடியாது. ஒவ்வொரு மூலையிலும் அளவு நாடா தெரிய, பின்னால் வீட்டெண்ணோ பக்கத்து வீடோ தெரிய ஒரு படம். மூன்று ஆய்வாளர்களின் கையெழுத்துத் தாள், பொறியாளரின் வருகைக் குறிப்பு, அடர்த்திச் சோதனைத் தாள், கான்கிரீட் டெலிவரி சீட்டு எல்லாம் ஒரே கோப்பில். வங்கிக் கடன் என்றால் அடுத்த தவணை விடும்போது இவற்றில் சிலவற்றைக் கேட்பார்கள். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் தரும் பொறியாளரும் கேட்பார்.

உங்கள் மனை சி வகுப்பு என்றால் இன்னும் ஒன்று: கூரைத் தண்ணீர்க் குழாயை அஸ்திவாரத்தை ஒட்டி விடாதீர்கள், சுவரிலிருந்து தள்ளித் தெருச் சாக்கடைக்கோ வடிகாலுக்கோ கொண்டுபோங்கள். துளசி மாடத்தையும் வாழையையும் சுவரோரம் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றுவதும் அதே கணக்குதான், ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள்.